பூட்டு எல்லாருக்கும் பொது

ஓர் ஊரார் ஒன்றுகூடி, "எங்களுக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று தீர்மானம் செய்தால், அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

கேள்வி விபரீதமாகத் தோன்றும். பள்ளிக்கூடம் வேண்டும் என்று மனுப் போட்ட ஊர்கள் உண்டு. சண்டை போட்ட ஊர்கள் உண்டு. இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன ஊர் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி என்று ஒரு சீமை இருக்கிறது. புகையிலை விளையும் பூமி. கவுண்டி என்றால் நம் ஜில்லாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே மொத்த ஜனத்தொகையே 15,000-க்கு உட்பட்டதுதான். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பர்கள். தலைநகரம் ஃபார்ம்வில் என்ற சிறு பட்டணம். 1959-ஆம் வருஷம் அந்தக் கவுண்டி தன் பொதுப் பள்ளிக்கூடங்கள் அத்தனையையும் மூடியது. ஐந்து வருஷம் திறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஏற்பட்ட லாங்வுட் கல்லூரி அதே ஃபார்ம்வில்லில் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்த பெண்கள், பாடம் கேட்கப் பள்ளிக்கூடமில்லாத குழந்தைகளைத் தெருவில் தாண்டிக்கொண்டு போனார்கள்.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1951-க்குப் போக வேண்டும்.

ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் ஹைஸ்கூல் என்பது கறுப்பர்களுக்காக 1939-ல் கட்டிய உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்கு என்று கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 450 பேர் சேர்ந்துவிட்டார்கள். இடம் போதவில்லை என்று பெற்றோர்கள் கேட்கக் கேட்க, பள்ளிக் குழு புதுக் கட்டடம் கட்டாமல், மரச்சட்டம் அடித்து அதன்மேல் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. சாலையில் போனவர்கள் கோழிக்கூடு என்று நினைத்தார்களாம். குளிர் காலத்தில் அடுப்பின் அருகே உட்கார்ந்த பிள்ளைகள் வெந்தார்கள். தள்ளி உட்கார்ந்த பிள்ளைகள் மேலங்கியோடு நடுங்கினார்கள். மழை பெய்தால் வகுப்புக்குள்ளே குடை. விஞ்ஞானக் கூடம் கிடையாது, உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, உணவுக் கூடம் கிடையாது. வெள்ளைப் பிள்ளைகளின் ஹைஸ்கூலில் இவையெல்லாம் இருந்தன. 1896-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பின்படி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியே வசதி செய்யலாம், அவை சமமாக இருந்தால் போதும். தனி என்பதைச் சொட்டு விடாமல் நிறைவேற்றினார்கள். சமம் என்பது காகிதத்தில் இருந்தது, அதுவும் தார்க் காகிதத்தில்.

அந்தப் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்று 16 வயதுப் பெண் ஒருத்தி. 1951 ஏப்ரல் 23-ம் தேதி அவளும் அவள் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். பஸ் நிலையத்தில் உங்கள் மாணவர்கள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு டெலிபோன் செய்து அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டு எழுதி எல்லா வகுப்பையும் மண்டபத்துக்கு அழைத்தார்கள். திரை விலகியதும் மேடையில் நின்றவள் பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். பள்ளிக்கூடம் முழுவதும் எழுந்து வெளியே நடந்தது. இரண்டு வாரம் வேலைநிறுத்தம்.

டெலிபோன் பொய், கையெழுத்து பொய் என்று சுட்டிக்காட்டுகிறவர்கள் உண்டு. வள்ளுவரே பொய்க்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அதை இங்கே கொடுக்காவிட்டால் வேறு எங்கே கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். அவ்வளவுதான். உதவிக்கு அவர்கள் கடிதம் எழுதி அழைத்த வழக்கறிஞர்கள், ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸன் என்ற இருவர், வேறு ஒன்று சொன்னார்கள்: "இன்னொரு தனிக் கட்டடம் கேட்க நாங்கள் கோர்ட்டுக்கு வரமாட்டோம், பிரிவினையே கூடாது என்று கேட்பதானால் வருகிறோம்." பிள்ளைகளும் பெற்றோர்களும் யோசித்துச் சம்மதித்தார்கள். 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் போட்டார்கள். 1954 மே 17-ம் தேதி, பொதுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே, பிரவுன் வழக்குத் தீர்ப்பு, அதில் ஒன்றாய்ச் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் இது ஒன்று. மற்ற நான்கும் பெரியவர்கள் தொடங்கியவை. இது ஒன்றுதான் பிள்ளைகளின் வேலைநிறுத்தத்திலிருந்து புறப்பட்டது. இதற்கிடையில் 1953-ல் கவுண்டி அவசரம் அவசரமாகக் கறுப்பர்களுக்குப் புதிய ஹைஸ்கூல் ஒன்று கட்டிக் கொடுத்தது. கேட்ட கட்டடம், கேட்டபோது வராமல், வேண்டாம் என்றபோது வந்தது.

தீர்ப்பு வந்த பிறகு ஐந்து வருஷம் இழுபறி. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டு தலைமையில் மாநிலமே எதிர்த்து நின்றது. 1956-ல் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியில் 4,000-க்கு மேற்பட்ட வெள்ளையர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி நடத்துவதைவிடப் பொதுப் பள்ளியையே கைவிடுவது மேல் என்பது அதன் சாரம். 1959 செப்டம்பரில் சேர்த்தே ஆகவேண்டும் என்று மேல் கோர்ட் உத்தரவிட்டது. ஜூனில் கவுண்டியின் மேற்பார்வையாளர் சபை கூடி, அந்த வருஷத்து வரவு செலவில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்று முடிவு செய்தது.

கவனியுங்கள். கறுப்புக் குழந்தையை வாசலில் நின்று தடுத்தவர் ஒருவருமில்லை. கல் எறிந்தவரில்லை, தடி எடுத்தவரில்லை. பட்ஜெட்டில் ஒரு வரி விடுபட்டது, அவ்வளவே. "நாங்கள் யாருக்கும் பேதம் காட்டவில்லை, வெள்ளைக் குழந்தைக்கும் பள்ளி இல்லை, கறுப்புக் குழந்தைக்கும் இல்லை. பூட்டு எல்லாருக்கும் பொது" என்பதே அவர்கள் பக்கத்து நியாயம். ஊரில் கலவரம் இல்லாமல் நடத்திக் காட்டுகிறோம் என்பதில் அந்தப் பெரிய மனிதர்களுக்குப் பெருமைகூட இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இது சங்கடமான சமாசாரம். வில்லன் வேண்டும் என்று தேடினால் கிடைப்பவர்கள் சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர்கள், கடன் கொடுத்து உதவுகிறவர்கள், கறுப்பர் வீட்டுச் சாவுக்கு மாலை அனுப்பக்கூடிய கனவான்கள். அந்த மாதிரி மனிதர்கள் சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கை தூக்கினால் ஆயிரம் குழந்தைகளின் தலையெழுத்து மாறிவிடுகிறது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடவும் முடிகிறது.

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்தவன் கதை நமக்குத் தெரியும். இந்தக் கவுண்டியைப் பற்றி முதலில் படித்தபோது அதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆனால் பழமொழி இங்கே பொருந்தாது. மூக்கறுத்தவன் முட்டாளானாலும் யோக்கியன். தன் மூக்கையும் இழந்தான். இவர்கள் இழக்கவில்லை. அதே செப்டம்பரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று பிரின்ஸ் எட்வர்டு அகாடெமி என்ற தனியார் பள்ளி சர்ச்சு மண்டபங்களிலும் வேறு கட்டடங்களிலும் தொடங்கிவிட்டது. முதல் வருஷம் நன்கொடை. அடுத்த வருஷம் சம்பளம் வைத்தார்கள். அதற்கு மாநிலமும் கவுண்டியும் உதவித்தொகை கொடுத்தன, நன்கொடை தந்தவர்களுக்குக் கவுண்டி வரிச் சலுகை கொடுத்தது. 1961-ல் கோர்ட் தடுக்கும்வரை அது நடந்தது. பொதுப் பள்ளிக்குப் பணம் இல்லை என்ற அதே கஜானா! ஆகவே மூக்கு அறுபட்டவர்கள் சுமார் 1,700 கறுப்புப் பிள்ளைகளும், சம்பளம் கட்ட வழியில்லாத சில ஏழை வெள்ளைப் பிள்ளைகளும்தான். அந்த ஏழை வெள்ளையரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அகாடெமியே ஏற்படவில்லை, வெள்ளைப் பிள்ளைகளும் நிஜமாகவே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது சமத்துவம்தானா? யாருக்கும் இல்லை என்பது எல்லாருக்கும் உண்டு என்பதற்கு ஈடாகுமா?

சாலமோன் ராஜாவின் முன்னால் ஒரு குழந்தைக்காக வழக்காடிய இரண்டு பெண்களில், குழந்தையை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்று ஒத்துக்கொண்டவளும் சமத்துவம்தான் பேசினாள். கணக்குப் பார்த்தால் அவள் சொன்னதில் அணுவளவும் பாரபட்சமில்லை.

சட்டம் இந்த இடத்தில் எப்படித் தடுமாறியது என்பதைப் பார்க்க வேண்டும். 1964 மே 25-ம் தேதி சுப்ரீம் கோர்ட், பிரின்ஸ் எட்வர்டு பள்ளிகளை மூடியது செல்லாது என்று சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். தாமதம் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வரி விதித்தாவது பள்ளி நடத்தும்படி கவுண்டிக்கு உத்தரவிடக் கீழ்க் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றார். ஏழு வருஷம் கழித்து, 1971-ல், இன்னொரு வழக்கு அதே கோர்ட்டுக்கு வந்தது. மிஸிஸிப்பி மாநிலத்தில் ஜாக்ஸன் நகரசபை ஐந்து நீச்சல் குளங்கள் வைத்திருந்தது, நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. சேர்ந்து குளிக்க வேண்டிவரும் என்றதும் நகரசபை குளம் நடத்தும் தொழிலையே விட்டுவிட்டது. கோர்ட் என்ன சொன்னது? இரு சாராருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதால் பாரபட்சம் இல்லை. நகரசபை செய்தது செல்லும். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார்? அதே ஹ்யூகோ பிளாக். பிரின்ஸ் எட்வர்டில் சர்க்கார் பணம் தனியார் பள்ளிக்குப் போயிற்று, இங்கே அப்படி இல்லை என்று அவர் வித்தியாசம் காட்டினார்.

வக்கீல்களுக்கு அந்த வித்தியாசம் போதுமாயிருக்கலாம். எனக்குப் போதவில்லை. குளத்தை மூடியதும் தப்பு என்பதே என் அபிப்பிராயம். உன்னோடு ஒரே தண்ணீரில் நிற்கமாட்டேன் என்று ஒரு மனிதனின் முகத்தில் சொல்வதற்காகத்தானே மூடினார்கள்! அந்த அவமானத்தை வெள்ளையரும் சரிபாதி பங்கு போட்டுக்கொண்டார்களா? ஆனால் குளத்துக்கும் பள்ளிக்கும் நான் காணும் வித்தியாசம் பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. இந்தக் கோடையில் குளிக்காதவன் அடுத்த கோடையில் குளிக்கலாம். ஆறு வயதில் எழுத்துக் கூட்டாத குழந்தை பதினொரு வயதில் முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தால், அது ஆறு வயதுக் குழந்தையின் படிப்பு அல்ல. கால் பெஞ்சுக்கு வெளியே நீள்கிறது, பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருக்கிறான், வெட்கம் வந்துவிடுகிறது. பதினான்கு வயதில் விட்டவன் பத்தொன்பது வயதில் புகையிலைக் காட்டில் கூலிக்காரன். அவன் திரும்பி வருவதே இல்லை.

இனிதான் எனக்குக் கஷ்டமான இடம் வருகிறது.

பள்ளிகளை மூடிய சில மாதங்களில், வெள்ளையர்களில் சிலர் கறுப்பர்களுக்கும் ஒரு தனியார் பள்ளி ஏற்படுத்தித் தருகிறோம் என்று முன்வந்தார்கள். அதற்காக ஒரு நிறுவனம்கூடப் பதிவு செய்தார்கள். பெற்றோர்கள் விண்ணப்பம் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தெருவில் நிற்க, ஒரே ஒன்று! அதை ஏற்றுக்கொண்டால் பிரிவினையைத் தாங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாகும், பத்து வருஷ வழக்கு வீணாகும் என்பது அவர்கள் எண்ணம். ஃபார்ம்வில் முதல் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாதிரியார் பிரான்ஸிஸ் கிரிஃபின்தான் அவர்களுக்குத் தூண். அவரும் மற்றவர்களும் சர்ச்சுகளின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்கவில்லை. பயிற்சி நிலையம் என்றுதான் வைத்தார்கள். பள்ளி என்று சொல்லிவிட்டால், உங்களுக்குத்தான் பள்ளி இருக்கிறதே என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பாரே!

குழந்தையின் அந்தந்த நாளையப் படிப்பா, வரப்போகிற குழந்தைகளுக்கெல்லாம் நியாயமா? ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? 1951-ல் பார்பராவும் தோழர்களும் தங்கள் படிப்பைத் தாங்களே பணயம் வைத்தார்கள். அது அவர்கள் இஷ்டம். 1959-ல் பணயமாகப் போன குழந்தைகளில் பலர் 1951-ல் தொட்டிலில் இருந்தவர்கள், சிலர் பிறக்கவே இல்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஏழு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? பள்ளிக்குப் போகவேண்டும் என்று சொல்லும், அல்லது குழந்தை சுபாவத்தில், விடுமுறை என்று குதிக்கும்.

பெற்றோர் செய்தது சரியா என்று தூரத்தில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். "உங்கள் பிள்ளைகள் படிப்பு கெட்டதற்கு உங்கள் பிடிவாதம்தானே காரணம், நாங்கள்தான் பள்ளி தருகிறோம் என்றோமே" என்று அந்தக் கனவான்கள் சொன்ன பேச்சு இருக்கிறதே, அதை. முன் வாசலைப் பூட்டியவன், கொல்லை வழியாக ஏன் குனிந்து வரவில்லை என்று கேட்க முடியாது. குனியாததற்கு விலை கொடுத்தது குழந்தைகள்தான், வாஸ்தவம். விலை வைத்தது யார்?

அந்த விலை எப்படியெல்லாம் வசூலாயிற்று என்று பார்த்தால் மனசு கனத்துப் போகிறது. சில குடும்பங்கள் பிள்ளைகளை வேறு ஊர்களில் உள்ள உறவினரிடம் அனுப்பின. க்வேக்கர் சங்கத்தார் சில மாணவர்களை வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்க ஏற்பாடு செய்தார்கள். வட கரோலினாவில் இருந்த கிட்ரெல் கல்லூரி மேல் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 60 பேரைச் சேர்த்துக்கொண்டது. வேறு சில குடும்பங்கள் கவுண்டி எல்லைக்கு அப்பால் இடிந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, விலாசம் காட்டிப் பிள்ளைகளைப் பக்கத்துக் கவுண்டிப் பள்ளியில் நுழைத்தன. மூத்தவனை அனுப்பினால் இளையவளுக்குப் பணமில்லை. இந்தப் பிள்ளை படிக்கட்டும், அந்தப் பிள்ளை காட்டு வேலைக்குப் போகட்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் இரவு பேசித் தீர்மானித்திருப்பார்கள். அந்தப் பேச்சுக்களுக்கு ரிக்கார்டு கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் எங்கும் போகவில்லை.

வெள்ளையர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்று சொன்னால் பாவம் வரும். லாங்வுட் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராகவும் டீனாகவும் இருந்த கார்டன் மாஸ் பகிரங்கமாக எதிர்த்தார். ஊரில் பழகியவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். 1963-ல் கென்னடி சர்க்காரின் முயற்சியால் தனியார் பணத்தில் எல்லா நிறத்தாருக்கும் பொதுவாக ஓர் இலவசப் பள்ளி ஒரு வருஷம் நடந்தது. அதில் அவர் தம் மகனைச் சேர்த்தார். 1,500-க்கு மேற்பட்ட கறுப்புப் பிள்ளைகளோடு விரல் விட்டு எண்ணக்கூடிய வெள்ளைப் பிள்ளைகள். அதே வருஷம் ராபர்ட் கென்னடி, இலவசப் பொதுக் கல்வி இல்லாத இடங்கள் என்று ஆசியாவிலும் பிற இடங்களிலும் சில நாடுகளின் பெயரைச் சொல்லி, அந்த வரிசையின் கடைசியில் இந்தக் கவுண்டியையும் சேர்த்து ஒரு கூட்டத்தில் பேசினார். சொந்த நாட்டை இப்படிச் சொல்ல அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

1964 செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்கள் அநேகமாகக் கறுப்புப் பிள்ளைகள்தான். வெள்ளையர்கள் அகாடெமியிலேயே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், வருஷக் கணக்கில், இரண்டு நிறமும் கலந்தது. 1953-ல் அவசரத்தில் கட்டிய கட்டடம் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி ஹைஸ்கூல் ஆயிற்று. பழைய மோட்டன் ஹைஸ்கூல் இன்று மியூஸியம். பார்பரா ஜான்ஸ் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஆபத்து வரக்கூடும் என்று, அலபாமாவில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். படித்து, மணந்து, பிலடெல்பியாவில் புத்தகசாலை நிர்வாகியாக வேலை பார்த்து, 1991-ல் காலமானாள். அமெரிக்கப் பார்லிமெண்டுக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020-ல் எடுத்தார்கள்; அந்த இடத்துக்கு அவள் சிலைதான் என்று முடிவாயிற்று.

சிலை இருக்கட்டும். 2003-ல் வர்ஜீனியாவின் சட்டசபை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அதே வருஷம், பள்ளி மூடியதால் படிப்பை முடிக்காமல் போனவர்களைக் கூப்பிட்டுக் கௌரவ டிப்ளமாக்கள் கொடுத்தார்கள். தலை நரைத்தவர்கள் அங்கியும் தொப்பியும் அணிந்து வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். 2004-ல் மாநிலம் பத்து லட்சம் டாலரும் ஒரு தனவந்தர் பத்து லட்சம் டாலரும் போட்டு, அவர்கள் விட்ட படிப்பைத் தொடர உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். பள்ளி இறுதிக்குச் சமமான பரீட்சை முதல் கல்லூரிப் பட்டம் வரை எதற்கும் கேட்கலாம். 1959 செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர வேண்டியிருந்த குழந்தைக்கு அந்த வருஷம் வயது ஐம்பத்தொன்று.